முகிலுக்குக் காத்திருந்த கமராக்காரி

அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். வயதுக்கு மதிப்புக் கொடுத்து ‘அவ’ என்றுதான் எழுதவேண்டும். வெளியே அப்படித்தான் சொன்னேன். மனதுக்குள் அவள் எனக்கு எப்போதும் அவள்தான், கமராக்காரிதான். பெயர் இல்லாமல் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது என் மனிதரின் வாய் டெனிஷ்காரரின் வாய் போலவே வளைந்து நெளிந்ததை ஒருநாள் கண்டேன். அதோடு அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டேன். இன்றும் சொல்லமாட்டேன்.

ஆள் நெட்டை. ஆண்கள் போடுகிற மழைக்கோட்டு, முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, கட்டையாக வெட்டிய நரைத்த தலை. காதிலே கழுத்திலே ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. “இதைப் பாத்தோ உமக்கு எரியுது?” என்று கீழ்வீட்டு மன்னார் அக்கா கேட்டுச் சிரித்தார். ஓம், இதைப் பார்த்துத்தான் எரிந்தது. நல்லாய் எரிந்தது. வடிவான ஒருத்தி என்றால் சண்டை போட ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

கிழமை நாட்களில் அவளுக்கு ஏதோ கந்தோரில் வேலை. ஞாயிறு மத்தியானம் சின்னச் சிவப்புக் காரில் படம் பிடிக்கப் புறப்படுவாள். நாங்கள் இருந்த இக்காஸ்ட் என்ற டென்மார்க் ஊரைச் சுற்றி வயல்வெளிகளுக்கு நடுவே எழுநூறு எண்ணூறு வருடத்துத் தேவாலயங்கள் ஊருக்கு ஒன்றாக நிற்கின்றன. கருங்கல்லை வெட்டி அடுக்கிக் கட்டி, கோபுரத்துக்கு வெள்ளை அடித்தவை. அவற்றை ஒன்று விடாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். வழியில் பூட்டிக் கிடக்கிற பழைய பாற்சாலையோ பிள்ளைகள் இல்லாமற்போன பள்ளிக்கூடமோ கண்ணில் பட்டாலும் காரை நிறுத்திவிடுவாள். யாரும் கேட்டுச் செய்த வேலை இல்லை. அது ஒரு விசர்.

படம் பிடிப்பாள் என்று சொன்னேனே தவிர, உண்மையில் அவள் செய்தது காத்திருப்பதுதான். இடத்தைச் சுற்றி ஒருமுறை நடப்பாள். பிறகு கமரா ஸ்டாண்டை ஊன்றுவாள். பிறகு வானத்தைப் பார்த்தபடி நிற்பாள். வெயில் எந்தப் பக்கத்தால் எந்தச் சுவரில் விழவேண்டும் என்று அவள் மனதில் ஒரு கணக்கு இருக்கும். அது வரும்வரை விரல் அசையாது. டென்மார்க்கில் முகிலுக்குப் பஞ்சமா? அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம், சிலநாள் இரண்டு. “எங்களிட்டை நேரம் இருக்கு” என்று டெனிஷில் சொல்வாளாம். நேரம் அவளுடையது மட்டும் என்றால் எனக்கென்ன? அதில் பாதி என் மனிதருடைய நேரம்.

இவர் எண்பத்திநான்கின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். டெனிஷ் கதைத்துப் பழகட்டும் என்று மொழிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான் இவரை அவளோடு சேர்த்துவிட்டார். அவளுக்குத் தோள்மூட்டில் நோ. ஸ்டாண்டைத் தூக்க ஆள் வேண்டும். இவருக்குக் கதைக்க ஆள் வேண்டும். நல்ல பொருத்தம்! நான் எண்பத்தாறு சித்திரையில் வந்திறங்கியபோது ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஏற்கெனவே அவளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நான் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. ஊரடங்கு நாள் ஒன்றில் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மூன்று நாள் இருந்தது, நாலாம் நாள் விடிய இல்லை. சித்தப்பாவும் வேறு இரண்டு ஆண்களும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதும் வழக்கம். எந்த இடத்தில் தாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இவருக்கு நாலு வரியில் கடிதம் எழுதினேன். ‘உடம்பைக் கவனமாய்ப் பாரும்’ என்று மறுமொழி வந்தது. நான் இங்கே வந்த பிறகும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. விமான நிலையத்தில் என் பையை வாங்கினார், “குளிருதோ?” என்று கேட்டார், அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஒன்றே ஒன்று. கேட்காமல் நானாகச் சொல்லமாட்டேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

கறிக்கு உப்பு இல்லை என்று சொல்லவே இரண்டு நாள் எடுக்கிற மனிதர் இவர். அப்படிப்பட்டவர் ஞாயிறு இரவு வந்தால் கதைத்துக் கதைத்துத் தொண்டை கட்டிப்போயிருக்கும்.

“இண்டைக்கு எத்தினை படம்?”

“அஞ்சு.”

“அஞ்சு படம் எடுக்க ஆறு மணித்தியாலமோ?”

“முகில் விலகுமட்டும் நிண்டனாங்கள்.”

“நிண்டு?”

“கதைச்சனாங்கள்.”

“என்ன கதைச்சனீங்கள்?”

“சும்மா.”

அந்தச் ‘சும்மா’வைக் கேட்டால் என் அடிவயிறு பற்றி எரியும்.

ஒருமுறை அவளைப் பற்றிப் பெருமையாக ஒரு கதை சொன்னார். தேவாலயத்துக்கு முன்னால் ஒரு விவசாயி டிரக்டரை நிறுத்திவிட்டு எதிர்வீட்டுக்குள் கோப்பி குடிக்கப் போய்விட்டானாம். கமராக்காரி கதவைத் தட்டி எடுக்கச் சொல்லவில்லையாம். அவன் குடித்து முடித்துத் தானாக வந்து எடுக்கும்வரை நின்றாளாம். “ஏன், கேக்க வாய் இல்லையே அவவுக்கு?” என்றேன். “கேட்டா அவர் அவசரமாக் குடிப்பாராம்” என்றார். அதைச் சொல்லும்போது இவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சோறும் கறியும் பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டேன். அங்கே நின்றாலும் என்ரை கையால் சாப்பிடட்டும் என்ற எண்ணம்தான். வெறும் பெட்டி திரும்பி வந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். “அவ நல்லாச் சாப்பிட்டவ” என்றார் இவர். அடுத்த கிழமை கோழிக்கறிக்கு வழமையைவிட மூன்று மடங்கு தூள் போட்டேன். “மூக்கு ஓட ஓடச் சாப்பிட்டவ. பிறகும் கேட்டவ” என்று வந்து சொன்னார். அதற்குமேல் அந்த வழியில் போராட என்னிடம் தூள் இல்லை.

இன்னொரு சங்கதியும் தெரியவந்தது. இங்கே பழைய தேவாலயங்களின் முற்றம் முழுக்கக் கல்லறைகள். மன்னார் அக்கா வேதக்காரி, தேவாலயத்துக்குப் போய்வருகிறவர். அவர் கதையோடு கதையாகச் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அன்று இவர் வாசலில் கால் வைக்கமுதல் மறித்தேன்.

“கோயிலைப் படம் எடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு, கிழமைக்குக் கிழமை சுடலைக்கோ போட்டு வாறியள்? உப்பிடியே வந்தோ என்ரை குசினிக்குள்ள நிக்கிறனீங்கள்?”

அன்றிலிருந்து சட்டம் போட்டேன். வந்ததும் நேரே நிலவறைக்குப் போகவேண்டும். அங்கே எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை இருந்தது. உடுப்பை மெசினுக்குள் போட்டு, அங்குள்ள குழாயில் தலையில் வார்த்து, சாரத்தோடு மேலே வரவேண்டும். மறுபேச்சு இல்லாமல் செய்தார். ஒருநாள் மேல்வீட்டு டெனிஷ் கிழவர், வெறும் மேலோடு தண்ணீர் சொட்டச் சொட்ட இவர் வாளியோடு படியேறுவதைக் கண்டுவிட்டார். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதில்லையாக்கும் என்று பாவப்பட்டு, கட்டிடம் பார்க்கிறவனிடம் சொல்லிவிட்டார். அவன் மறுநாள் காலையில் குழாய்ச் சாவிகளோடு வந்து நின்றான். அவன் குழாயைத் திறக்கிறான், தண்ணீர் கொட்டுகிறது. பூட்டுகிறான், திறக்கிறான். எனக்கு அப்போது தெரிந்த டெனிஷை வைத்துக்கொண்டு சுடலைத் துடக்கை எப்படி விளங்கப்படுத்துவது? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வழக்கம் அவரைப் படியில் நிறுத்தியது. என்னை வீட்டில் கட்டிப்போட்டது. பெண் சுடலைக்குப் போகக்கூடாதே, அங்கே என்னதான் நடக்கிறது என்று போய்ப் பார்க்கவும் முடியாது.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் அவள் படங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உழுந்துவடை சுட்டு வைத்தேன். படங்களை ஒவ்வொன்றாக விரித்தாள். கோபுரம், கல், ஆணி அடித்த பழைய கதவு, உள்ளே கூரையிலிருந்து தொங்கவிட்ட சின்ன மரக்கப்பல். ஒன்றிலும் ஒரு சனம் இல்லை. என் மனிதரை எங்கேயாவது ஒரு மூலையில் பிடித்திருக்கிறாளா என்றுதான் நான் பார்த்தேன். படங்கள் வடிவாக இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெயில் விழுந்திருந்த கல்லைக் கையால் தடவிப் பார்க்கலாம் போல இருந்தது. இவ்வளவு நல்லாய் எடுக்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இவர் பக்கத்தில் இருந்து விடாமல் கதைத்தார். கையை ஆட்டினார். சிரித்தார். என் வீட்டுக் கதிரையில், என் கண்ணுக்கு முன்னால், எனக்கு விளங்காத பாசையில். நான் மொழிப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் நாட்களையும் நிறங்களையும் படித்து முடித்திருந்தேன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். அது எனக்கு விளங்கியது. நல்லாயிருக்கிறேன் என்றேன். எல்லாரும் அதோடு வேறு கதைக்குப் போவார்கள். இவள் போகவில்லை. வானத்தைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். சிரிக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இன்னும் கொஞ்சநேரம் அப்படி இருந்திருந்தால் நான் என்னென்னவோ சொல்லத் தொடங்கியிருப்பேன். அதற்கு டெனிஷ் தேவைப்பட்டிருக்காது. வடை கருகுகிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்து குசினிக்குள் போனேன். அடுப்பு நிறுத்தி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

அன்று இரவு படுக்கையில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த மனிதர் வாய் திறப்பது எப்படி என்று ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, இப்படித்தான் திறந்திருக்கிறார். அவள் காத்திருக்கிறாள், இவர் கொட்டுகிறார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் கேட்டு, மறுமொழி வரமுதல் நானே மறுமொழியும் சொல்லிவிடுகிற ஆள்.

மன்னார் அக்காவிடம் போய் இருந்து அழுதேன்.

“அவவுக்கு உம்மடை அம்மான்ரை வயசு. உமக்கென்ன விசரோ?”

“வயசில்லை அக்கா. அந்த மனுசன் அவவோட கதைக்குது. என்னோட கதைக்குதில்லை.”

அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டார். “அப்ப போய்ப் பாருமன். இஞ்சத்தைக் கல்லறை பூந்தோட்டம் மாதிரித்தான் இருக்கும். மனம் ஒப்பாட்டி மதிலுக்கு வெளியில காருக்குள்ள இரும்” என்றார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு நானும் புறப்பட்டேன். அவள் காரை ஓட்டினாள். இவர் முன்னால் இருந்து வரைபடம் பார்த்து வழி சொன்னார். நான் பின்னால், ஸ்டாண்டோடும் சோற்றுப் பெட்டியோடும். வீட்டுக்காரி எங்கே இருக்கிறாள், வழிகாட்டி எங்கே இருக்கிறார் பாருங்கள்! இவர் ‘இடது’ என்பார், அவள் திருப்புவாள். ஒரு சொல் அதிகமில்லை. நாலைந்து வருடம் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள் போல இருந்தார்கள்.

சின்ன மேடு. அதன்மேல் தேவாலயம். சுற்றிக் கல்மதில், உள்ளே கல்லறைகள். நான் படலைக்கு வெளியே காருக்குள் இருந்தேன். அவள் சுற்றி நடந்தாள், ஸ்டாண்டை ஊன்றினாள், அண்ணாந்து பார்த்தாள். வானம் முழுக்கச் சாம்பல். இரண்டு பேரும் மதிலோரத்தில் கிடந்த மரவாங்கில் இருந்தார்கள். அவள் ஏதோ கேட்டாள். பிறகு வழமைபோல் சும்மா இருந்தாள்.

இவர் கதைக்கத் தொடங்கினார். கார்க் கண்ணாடிக்குள்ளால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. குனிந்து கதைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நடுவே ஒரு இடைவெளி விட்டு, இவ்வளவு என்று காட்டினார்.

அந்த அளவு எதனுடையது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அவர் காட்டிய அளவு பிழை. ஒரு சாண் கூட இல்லை. காணாதவர், எப்படித் தெரியும்? என் பிள்ளை நல்ல நீட்டு. மருத்துவிச்சி கையில் எடுத்தவுடனே “நெட்டச்சி வந்திருக்கிறாள்” என்றுதான் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பூனைக்குட்டி அளவுக்குக் குறுக்கி இன்னொருத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

எப்படிக் கதவைத் திறந்தேன், எப்படிப் படலையைத் தாண்டினேன் என்று ஞாபகமில்லை. உள்ளே சின்னக் கற்களை வரிவரியாக வாரி விட்டிருந்தார்கள். அதன்மேல் என் சப்பாத்து கறுமுறுவென்று சத்தம் போட்டது. என் வாழ்க்கையில் முதன்முதலாகச் சுடலைக்குள் நடந்தேன்.

“உவ்வளவில்லை!” என்று கத்தினேன். “உவ்வளவில்லை. இவ்வளவு!” என் கைகளை விரித்துக் காட்டினேன். “தெரியாட்டி என்னட்டை எல்லோ கேக்க வேணும்? அவவுக்குச் சொல்ல வாய் இருக்கு, எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையோ? என்ரை பிள்ளையை ஏன் அவவிட்டைக் குடுத்தனீங்கள்?”

இவர் எழும்பி நின்றார். அவளும் எழும்பினாள். ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் என் கைகளின் அளவைப் பார்த்தாள், இவருடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. வந்து கட்டிப்பிடிக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து முகில் விலகியது. கோபுரத்தின் வெள்ளைச் சுவரில் வெயில் வந்து விழுந்தது. அவள் அதற்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றது. கமரா அவளுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஒருமுறை கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் வெயில் போய்விட்டது. அதைக் கண்டும் எனக்கு எரிச்சல்தான். ஒரு குறை சொல்ல இடம் விடுகிறாளா பாருங்கள்!

“தமிழிலை வரேல்லையப்பா” என்றார் இவர். “டெனிஷில எனக்குக் கொஞ்சச் சொல்லுத்தான் தெரியும். அதிலை சொன்னால் ஆற்றையோ பிள்ளை மாதிரி இருக்கும். தமிழிலை வாய் திறந்தால் எங்கட பிள்ளையாப் போயிடும்.”

நான் வாயைத் திறந்தேன். சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. பிறகு எப்படியோ, அன்று ஒருநாள், மூடிக்கொண்டேன். காற்று அடித்தது. காகம் ஒன்று மதிலில் வந்து இருந்து பறந்தது. நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“முகம் ஆரின்ரை சாயல்?” என்று கேட்டார்.

ஒன்றரை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. சொன்னேன். “உங்களை உரிச்சுப் படைச்சது. மூக்கு, நெத்தி, காது மடல்கூட. என்னிட்டை இருந்து ஒண்டும் எடுக்கேல்லை” என்று சொன்னேன். இவர் கல்லறைகளுக்கு நடுவே குந்தி இருந்து அழுதார். திரும்பி வரும்போது என்னோடு பின்சீட்டில் ஏறினார். வழி சொல்ல ஆளில்லாமல் அவள் இரண்டு தரம் பிழையாகத் திரும்பினாள். பிள்ளையின் மூன்று நாளையும் மணிக்கணக்காகச் சொல்லி முடிக்க அது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தலை முழுகிச் சாப்பிட்டோம். மனம் லேசாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இராதே.

“சாயலைக் கேக்கவேணும் எண்டு உங்களுக்கு எப்பிடி வந்தது?” என்று ஆசையோடு கேட்டேன்.

இவருக்குப் பொய் சொல்ல வராது. “வாங்கில இருக்கேக்க அவ கேட்டவ, ஆரைப்போல எண்டு. எனக்கு மறுமொழி தெரியேல்லை” என்றார்.

அன்று எரிந்ததுபோல என் வயிறு அதற்கு முன்னும் எரிந்ததில்லை, பின்னும் எரிந்ததில்லை. நான் ஒன்றரை வருடம் தவம் கிடந்த கேள்வி அவளுடையது. அடுத்த ஞாயிறு இவர் போய் மறுமொழியை அவளிடம் ஒப்புவிப்பார். அதை நினைத்து அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் இரண்டு சொல் கேட்டு மனப்பாடம் செய்தேன்.

ஞாயிறு கார் வந்து நின்றது. இவருக்கு முன்னால் நான் படியிறங்கிப் போனேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“ஸொம் மாய்” என்றேன். என்னைப் போல. நெஞ்சில் கையை வைத்து, இன்னொருதரம் சொன்னேன். “ஸொம் மாய்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூக்கை, நெற்றியை, காதை. தன் வழக்கப்படி அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டு இவர் எனக்குப் பின்னால்தான் நின்றார். எல்லாம் கேட்டது. திருத்தவில்லை.